ஆயாவின் கண்ணும் ஒரு பாட்டில் மோனோமரும்

(இறுதியாண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் மூன்று வாரமாக விடவில்லை. "நீயும் ஏதாவது எழுதுடா, பக்கம் பாக்கி இருக்கு" என்றான். கவிதை தரலாம் என்றால் ஏற்கெனவே கட்டுக் கட்டாகக் காதல் கவிதை வந்து கிடக்கிறதாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். அம்மா கரும்பு வெட்டுக்கும் களை எடுக்கவும் போகிறார். பெரிய விஷயம் எழுத எனக்கு வராது. எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பழுப்பு நிற பாட்டில். அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மணி அடித்ததும் நான் எங்கே ஓடுகிறேன் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். சிலர் வேறு மாதிரியும் கதை கட்டியிருக்கிறீர்கள்! உண்மை இதுதான். சங்கராபுரத்திலேயே ஒரு மாடி அறையில் பல் செட் செய்யும் லேப் இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து நான் அங்கே மாலை வேலை செய்கிறேன். முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார். அதில் மாவுக்கல் ஊற்றி அச்சு எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவார் அண்ணன். அதை பிளாஸ்க் என்ற பித்தளைப் பெட்டிக்குள் பிளாஸ்டர் ஊற்றிப் புதைப்போம். பிறகு கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டால் உள்ளே ஈறு வடிவத்தில் ஒரு பள்ளம் நிற்கும். நம் ஃபவுண்டரி பிராக்டிகலில் மணல் அச்சு செய்தோமே, அதேதான். அங்கே உருகிய உலோகம். இங்கே ஒரு பவுடரும் ஒரு திரவமும்.

பவுடர் ரோஸ் நிறம். அதை லேப்பில் பாலிமர் என்போம். திரவம் தண்ணீர் மாதிரி தெளிவானது. பழுப்பு பாட்டிலில் வரும். அதன் பெயர் மோனோமர். முழுப்பெயர் மீத்தைல் மெத்தாக்ரிலேட். மூடியைத் திறந்தால் அழுகிய பழமும் பெயிண்டும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி மண்டைக்கு ஏறும். எத்தனை சோப்பு போட்டாலும் சட்டையை விட்டுப் போகாது. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா வாசனையை வைத்தே, "வந்துட்டியாடா?" என்பார். மாமாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்று பங்கு பவுடருக்கு ஒரு பங்கு திரவம். கிண்ணத்தில் கலந்து மூடி வைப்போம். முதலில் ஈர மணல் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தொட்டு இழுத்தால் நூல் நூலாக வரும். அப்புறம் கையில் ஒட்டாத சப்பாத்தி மாவாகும். அந்தப் பதத்தில்தான் அச்சில் அமுக்க வேண்டும். தவறவிட்டால் ரப்பராகிவிடும், பிறகு தூக்கிப் போட வேண்டியதுதான். எங்கள் ஆயா அதிரசத்துக்குப் பாகு பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை அண்ணனிடம் சொன்னேன். "அப்ப உங்க ஆயாவ வேலைக்குக் கூட்டியாடா" என்றார்.

அந்தக் கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது? மீத்தைல் மெத்தாக்ரிலேட்டின் ஒரு மூலக்கூறில் கார்பன் 5, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 2. இரண்டு கார்பன்களுக்கு நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. பவுடரில் கலந்திருக்கும் பென்சாயில் பெராக்சைடு சூடு பட்டதும் உடைந்து அந்தப் பிணைப்பைத் திறந்துவிடுகிறது. திறந்தது பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கிறது, அது அடுத்ததைப் பிடிக்கிறது. ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடுகிறது. திரவம் திடமாகிவிட்டது! இனி அது மோனோமர் அல்ல, பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட். சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. இந்த எழுத்துக்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பாட்டிலுக்குள்ளேயே இது தானாக நடந்துவிடக் கூடாது என்றுதான் ஹைட்ரோகுவினோன் துளி கலந்து, வெளிச்சம் புகாத பழுப்பு பாட்டிலில் அடைக்கிறார்கள். திரவத்தை மட்டும் ஊற்றி இறுகவிட்டால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கிவிடும். அப்படி ஒரு பல் செட் யார் வாயிலும் நிற்காது. பாதி வேலையை முன்பே முடித்துவிட்ட பவுடரைச் சேர்ப்பது அந்தச் சுருக்கத்தைக் குறைக்கத்தான்.

போன வருஷம் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சில் அமுக்கிய பிறகு பிளாஸ்க்கை 74 டிகிரி நீரில் இரண்டு மணி நேரம் வைத்து, அப்புறம்தான் கொதிநிலைக்குப் போய் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அன்று அண்ணன் வெளியூர் போயிருந்தார். எங்கள் ஊருக்கு ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் நடைதான். எதற்கு இரண்டு மணி நேரம் என்று நேரே கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டேன். காலையில் அண்ணன் பிளாஸ்க்கைப் பிரித்தார். தடிப்பான இடமெல்லாம் உள்ளுக்குள் பொத்தல் பொத்தலாக, ஆப்பம் மாதிரி! மோனோமர் 101 டிகிரியில் கொதிக்கும். சங்கிலி சேரும்போது அதுவே சூட்டை வெளிவிடும். வெளியே 100 டிகிரி, உள்ளே அதற்கும் மேல். சேர்ந்து முடிப்பதற்கு முன்பே மீதி மோனோமர் கொதித்துக் குமிழாகிவிட்டது. அண்ணன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தப் பல் செட்டுக்கு உரிய பெரியவர் பேத்தி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டிருந்தார். "நீயே போய் அவர்கிட்ட சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். பெரியவர் பொக்கை வாயோடு சிரித்து, "பரவால்ல தம்பி, போட்டாவுல வாய மூடிக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தப் பொத்தல் செட்டை இன்னும் என் பையில் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் இது என்ன பொருள் என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். தேடினால் எங்கே பார்த்தாலும் இதே சரக்கு! பஸ் ஸ்டாண்டு கடைகளில் உள்ளே லைட் எரியும் பெயர்ப்பலகை, பைக்கின் பின்பக்கச் சிவப்பு விளக்கு மூடி, போட்டிகளில் வாங்கும் கண்ணாடி போன்ற ஷீல்டு, டி.வி. திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பரப்பும் தகடு எல்லாம் பெரும்பாலும் அக்ரிலிக். வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும். கண்ணாடியின் எடையில் பாதிக்கும் கீழ். 1930-களில் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ், ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களில் தகடாக வந்தது. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் பைலட்டின் தலைக்கு மேல் இருந்த கூண்டு அதுதான்.

இதன் பங்காளிகளும் நிறைய. ஒர்க்ஷாப்பில் போல்ட் கழன்றுவிடாமல் ஊற்றும் த்ரெட் லாக் பசையும் மெத்தாக்ரிலேட் வகைதான். காற்று இல்லாத இடுக்கில், உலோகம் பட்டால்தான் இறுகும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட், குழந்தைகளுக்குக் கட்டும் டயாப்பருக்குள் ஈரத்தை உறிஞ்சும் பவுடர் எல்லாம் அக்ரிலிக் அமிலத்தின் வழி வந்தவை. அந்த அமிலத்துக்கு கொச்சியில் பாரத் பெட்ரோலியம் அமைத்த ஆலை 2021-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இன்னொரு பங்காளி ஹெமா. (பெண் பெயர் அல்ல நண்பர்களே, ஹைட்ராக்ஸி எத்தில் மெத்தாக்ரிலேட்!) பிராக் நகரத்து விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, 1961-இல் கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டுச் சமையலறையில், மகனின் விளையாட்டுக் கட்டுமான செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு சுழலும் இயந்திரம் கட்டி, அதில் ஹெமாவை ஊற்றித்தான் மென்மையான காண்டாக்ட் லென்ஸை வார்த்தார். மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

இதெல்லாம் படிக்கும்போது பொது அறிவு போலத்தான் இருந்தது. என் வீட்டுக்குள் அது வந்தது ஆயாவின் கண் வழியாக.

ஆயா என் அம்மாவைப் பெற்றவர். கல்வராயன் மலை அடிவாரத்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மாமாவோடு இருக்கிறார். இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அரிசியில் கல் பொறுக்கினால் கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்குவார். பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் கடையில் கையை நீட்டிவிட்டு "நீயே எடுத்துக்க சாமி" என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், "வயசான கண்ணு, போனா போவுது. எம் புள்ளைக்கே இல்லாதது எனக்கு எதுக்கு?" என்பார். இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். நம் மாவட்டத்தின் பெயரை உலகமே அப்படித்தான் தெரிந்துகொண்டது. வேறு ஊருக்குப் போனால் இன்னமும், "கள்ளக்குறிச்சியா?" என்று ஒரு மாதிரி இழுக்கிறார்கள். மாமா அன்று கள்ளக்குறிச்சிக்கு லோடு இறக்கப் போயிருந்தார். வேலை முடிந்து உடம்பு வலிக்கு என்று குடித்திருக்கிறார். மறுநாள் காலையில் எழுந்து, "என்னடா, ஊரெல்லாம் பனி பெஞ்ச மாதிரி வெள்ளையா இருக்கு?" என்றார். ஜூன் மாசத்தில் ஏது பனி? நான் அப்போது முதலாம் ஆண்டு முடித்திருந்தேன். ஆஸ்பத்திரியில் தரையில் பாய்போட்டு அவர் பக்கத்தில் கிடந்தேன். சுற்றிலும் அழுகை. மாமா பிழைத்தார். பார்வை வரவில்லை. அதற்குமேல் எழுத முடியவில்லை.

போன வருஷம் சங்கராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் போட்டார்கள். நானும் அம்மாவும் ஆயாவை ஏமாற்றித்தான் கூட்டிப்போனோம், ரேஷன் கடைக்கு என்று சொல்லி. டார்ச் அடித்துப் பார்த்து, "வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, உடனே செய்ய வேண்டும்" என்றார்கள். அன்றைக்கே அவர்கள் பஸ்ஸிலேயே புதுச்சேரி தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். பஸ், சாப்பாடு, படுக்கை, ஆபரேஷன் எதற்கும் காசு இல்லை. ஆயா பஸ் ஏறும்போது கழுத்துப் பாசிமணியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். திரும்பி வரப்போவதில்லை என்று நினைத்துவிட்டாராம்!

வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சினிமா நடிகை மாதிரி இறங்கினார். கையில் சொட்டு மருந்தும் ஓர் அட்டையும். மருந்து எத்தனை வேளை என்று பார்க்க அட்டையை வாங்கினேன். அதில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. லென்ஸின் பவர் எண். அதன் கீழே நான்கு எழுத்து. பி.எம்.எம்.ஏ.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. லேப்பில் ரோஸ் பவுடர் டப்பாவில் தினமும் பார்க்கிற எழுத்து. ஆயாவின் கண்ணுக்குள் இருக்கிறது.

இது எப்படிக் கண்ணுக்குள் போனது என்பது ஒரு பெரிய கதை. போரில் குண்டடிபட்ட விமானங்களின் பெர்ஸ்பெக்ஸ் கூண்டு சிதறி, துண்டுகள் பைலட்டுகளின் கண்ணுக்குள் புகுந்தன. லண்டன் கண் டாக்டர் ஹெரால்டு ரிட்லி அவர்களைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். வேறு தூசி விழுந்தால் வீங்கிச் சீழ் வைக்கும் கண், இந்தத் துண்டை மட்டும் சும்மா விட்டுவிட்டது. பல வருஷம் கழித்து அவர் புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைக்க முடியவில்லையே என்று சொன்னாராம். அது அவர் மனதில் தைத்தது. 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணில் முதல் பி.எம்.எம்.ஏ. லென்ஸை வைத்தார். பெரிய டாக்டர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். அரசாங்கம் சர் பட்டம் கொடுத்தது 2000-இல், அவருடைய தொண்ணூறுகளில்! வகுப்பில் கேள்வி கேட்டால் "உக்காருடா" என்று கத்தும் நண்பர்கள் அந்த மாணவரை நினைத்துக்கொள்ளவும்.

அதற்கு முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். ஆயாவின் அம்மாவுக்கு அதுதான் கொடுத்தார்களாம். ஒரு நாள் ஆடு மிதித்துக் கண்ணாடி உடைந்தது. அப்புறம் சாகும்வரை குருடியாகவே இருந்தாராம். லென்ஸ் வந்த பிறகும் அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு லென்ஸ் 100 டாலர் கணக்கில் விற்றது.

அதை மாற்றியது நம் மதுரை. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடு ஆயிரமாயிரம் ஆபரேஷன் செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பதில் முடியாதவருக்கும் சிகிச்சை. டாக்டர் ஒரு மேஜையில் ஆபரேஷன் செய்யும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டரின் கை சும்மா நிற்பதே இல்லை. நாம் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கில் மனப்பாடம் செய்யும் பாடத்தை அவர்கள் கண்ணில் செய்து காட்டினார்கள். லென்ஸ் விலைதான் இடித்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, சுமார் 10 டாலருக்கு லென்ஸ் செய்தார்கள். பிறகு விலை இன்னும் இறங்கியது. இன்று அங்கிருந்து பல நாடுகளுக்குப் போகிறது.

செய்முறையைப் படித்தபோது எனக்குக் கை அரித்தது. பி.எம்.எம்.ஏ. வில்லையை லேத்தில் வைத்துத் திருப்பி, மில்லிங் செய்து, 6 மில்லிமீட்டர் வட்டமும் இரண்டு வளைந்த கால்களும் வரும்படி வெட்டுகிறார்கள். ஓரம் வழுவழுப்பாக, கண்ணாடி மணிகளோடு உருளையில் போட்டு நாள்கணக்கில் உருட்டுகிறார்கள். லேத்தும் மில்லிங்கும் நமக்குத் தெரியாததா? நாம் கடைசல் பிடிப்பது எல்லாம் போல்ட்டும் புஷ்ஷும்தான் என்று நினைத்திருந்தேன்.

இதே பவுடரும் திரவமும் எலும்புக்குள்ளும் போகிறது. ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய டாக்டர் இடுப்பு மூட்டு மாற்றும்போது உலோகத் தண்டு தொடை எலும்பில் ஆடாமல் நிற்க வழி தேடினார். மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளியில் டென்னிஸ் ஸ்மித் என்பவர், பல் செட் சரக்கைப் போட்டுப் பாருங்கள் என்று வழி காட்டினார். அது 1958. அதைத்தான் இன்று எலும்பு சிமெண்ட் என்கிறார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே கலந்து, மாவுப் பதத்தில் அமுக்குகிறார்கள். ஒட்டுவதில்லை, இடுக்கை நிரப்பி இறுக்கிப் பிடிக்கிறது. சிவில் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், கிரௌட்டிங்.

ஆயாவுக்கு வருகிறேன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்னது, "ஏண்டி, செவுரு இம்புட்டு அழுக்காவா இருந்துச்சி?" அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்து என்னைப் பார்த்து, "நீ என்னடா இப்படிக் கறுத்துட்ட?" எல்லாரும் சிரித்தோம். அப்போது மாமா சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். சத்தம் வந்த பக்கம் பார்த்து, "அம்மா, தெரியுதா?" என்றார். ஆயாவிடமிருந்து பதில் இல்லை. மாமாவுக்குக் கண் போனபோது ஆயாவுக்கும் பார்வை மங்கியிருந்தது. மகனின் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும் என்பதை அவர் அன்றுதான் பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியுதுப்பா, நல்லா தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சொட்டு மருந்து முடிந்து மறுபரிசோதனைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கிருந்த டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "மேடம், எங்க மாமாவுக்கும் இந்த லென்ஸ் வெச்சா தெரியுமா?" என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "பாட்டிக்குக் கெட்டது முன்னாடி இருக்கிற லென்ஸ்பா, அத மாத்தலாம். மாமாவுக்குக் கெட்டது பின்னாடி மூளைக்குப் போற நரம்பு. கேமரா நல்லா இருக்கு, ஒயர் எரிஞ்சு போச்சு." மெத்தனால் ஈரலில் ஃபார்மால்டிஹைடாகி, அப்புறம் ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தாக்குகிறது. உடனே மாற்று மருந்து கொடுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தால் சிலரைக் காப்பாற்றலாம், நேரம் போனால் முடியாது. மாமா பாதி நாள் பனி என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே நூலகத்தில் இந்த மோனோமரை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று தேடினேன். அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்க்கிறார்கள். சயனைடு! கந்தக அமிலம் ஊற்றுகிறார்கள். கடைசியாக ஒன்று சேர்க்கிறார்கள். அந்த வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். மெத்தனால்.

வேறு முறைகளும் இருக்கின்றன. ஐசோபியூட்டிலீனில் ஆரம்பிக்கலாம், எத்திலீனில் ஆரம்பிக்கலாம். எந்த வழியில் போனாலும் மெத்தனால் வந்தாக வேண்டும். மீத்தைல் மெத்தாக்ரிலேட்டில் அந்த மீத்தைல் அதுதான். நோட்டில் கணக்குப் போட்டேன். மெத்தனாலின் மூலக்கூறு எடை 32. மோனோமரின் எடை 100. அதாவது, 100 கிராம் மோனோமருக்கு 32 கிராம் மெத்தனால். சேர்ந்த பிறகு அது மெத்தனால் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயாவின் லென்ஸுக்குள் சாராயம் இல்லை, அது ஆடாமல் அசையாமல் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கிறது. ஆனாலும் அன்று லேப்பில் பாட்டில் மூடியைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்தப் பாட்டிலும் சாது இல்லை நண்பர்களே. 10 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும். அதாவது, நம் ஊரில் எல்லா நாளும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். மெழுகு உருக்கும் அடுப்பு அதே அறையில் எரிகிறது. அண்ணனின் விரல் நுனிகள் வெடித்து, தோல் உரிந்தே இருக்கும். சாதாரண ரப்பர் கையுறைக்குள்ளும் புகுந்துவிடும். செட் முடிந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே கொடுப்போம், சேராமல் மிஞ்சிய மோனோமர் வாயை எரிக்காமல் இருக்க. இப்போது ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் கலக்குகிறோம். அடுப்பை வராந்தாவுக்கு மாற்றச் சொல்லி நான் அண்ணனிடம் சண்டை போட்டு ஜெயித்தேன். டிப்ளமோ படிப்பு இதற்காவது உதவட்டும்.

மாமாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். போன மாதம் அவரே கேட்டார். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். "டெய்லி ஒரு வாட வருதே உம்மேல, அது என்னடா, எதுல செய்யறாங்க?" பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் சொன்னேன். பைலட்டு கதை, மதுரை, லேத், ஆயாவின் அட்டை, கடைசியில் மெத்தனால். பையிலிருந்த பொத்தல் செட்டையும் கையில் கொடுத்தேன். விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ கலக்குறாங்க?"

"நூறு கிராமுக்கு முப்பத்திரண்டு, மாமா."

"ம்... அங்க அளவு பாத்து ஊத்துறான்" என்றார். செட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இது ஏன் ஓட்ட ஓட்டயா இருக்கு?" என்று கேட்டார். என் அவசரத்தைச் சொன்னேன். அதற்குத்தான் சிரித்தார்.

ஆயா உள்ளே விளக்கடியில் மாமா சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூலைத் தானே கோத்துக்கொண்டதை மூன்று தடவை எங்களிடம் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு அடுத்த முகாமில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தேதி இன்னும் வரவில்லை. இந்த முறை துணைக்குத் தானும் பஸ்ஸில் வருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.